உங்கள் தங்கை போட்ட ஊறல்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட பாவத்தைத் தவிர வேறொரு பாவமும் அறியாதவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை மிகவும் சுகம். என்னைப் பற்றித்தான் சொல்வதற்கில்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். ஆயுள் முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் பிழையைத் திருத்திவிட்டு, ஒரு வம்புக்கும் போகாமல் ஓய்வு பெற்றவன் வீட்டுக்கு இன்று காலை போலீஸ் வந்துபோயிற்று மச்சான். போலீஸ்! தொப்பி, லத்தி எல்லாவற்றோடும்! எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் துணியை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னால் நீங்கள் பதறிவிடுவீர்கள், ஆகையால் முதலிலிருந்து வருகிறேன். எங்கள் தெருமுனையில் ஓர் அடுமனை இருந்தது. பேக்கரி என்று எழுத எனக்குக் கை வராது. உங்கள் தங்கை கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே உத்தியோகம், சாயங்காலம் ஆனதும் அங்கே நடந்துபோய், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ஒரு பன் வாங்கி, கடை வாசல் பலகையில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாகத் தின்பதுதான். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு, விழுங்கினபிறகு நாக்கில் ஒரு சின்னப் புளிப்பு. அந்தப் பன்னைப் பற்றி உங்களுக்கு எழுதி என்ன பிரயோசனம், தின்றால்தான் தெரியும். போன மாதம் அந்தப் பன்காரர் முட்டிவலி தாங்காமல் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் அலைபேசிக்கு உறை விற்கிறார்கள். சரி, போனால் போகிறது, உலகத்தில் தின்பதற்கு வேறொன்றும் இல்லையா என்று நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தங்கை விட்டாளா? சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த மனுஷரை வழிமறித்து, "அந்தப் புளிப்பு எங்கிருந்து வருதுன்னு சொல்லிட்டுத்தான் நீங்க வண்டியில ஏறணும்" என்று நின்றிருக்கிறாள். அவரும், "ஒண்ணுமில்லம்மா, காய்ஞ்ச திராட்சையையும் பழத்தோலையும் சர்க்கரைத் தண்ணியில ஊறப்போடுவேன், நுரை கட்டினதும் அந்தத் தண்ணியில மாவு பிசைவேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். அவ்வளவுதான் என்றாராம்! அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார், நான் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் சமையலறையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அதற்கு மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒன்றில் திராட்சை, ஒன்றில் ஆப்பிள் தோல், ஒன்றில் எதுவென்றே எனக்குச் சொல்லவில்லை. வெளிச்சத்தில் ஒன்று, இருட்டில் ஒன்று, சூட்டில் ஒன்று என்று வீடெல்லாம் ஜாடி. பல் துலக்கப் போனால் குளியலறை அலமாரியில் ஒன்று முறைத்துப் பார்க்கிறது. கட்டிலுக்கு அடியில் செருப்பைத் துழாவினால் கையில் ஜில்லென்று ஒன்று தட்டுப்படுகிறது. நான் தவணைமுறையில் சேர்த்த பேரகராதியின் மூன்றாம் தொகுதியை ஒருநாள் காணோம், வீடு முழுக்கத் தேடினேன் மச்சான், கடைசியில் பார்த்தால் அது ஒரு ஜாடியின் மூடிக்குமேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது! "இந்தக் கனத்துக்கு வேற எதுவும் சரியா வரலீங்க" என்கிறாள். அதாவது, தமிழறிஞர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தொகுத்தது திராட்சையை அமுக்கி வைக்கத்தான். அதுகூடப் போகட்டும். குளிர் அடித்த அன்று என் கம்பளிச் சால்வையைக் கேட்டேன். அது ஜாடியைச் சுற்றியிருந்தது. "எனக்கு இருமுதே" என்றேன். "உங்களுக்கு இருமல் வந்தா போயிடும். அதுக்குக் குளிர் பட்டா செத்தே போயிடும்" என்று பதில் வந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் என் இடம் எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, ஆப்பிள் தோலுக்கு அடுத்த இடம்.

முதல் பன் வெந்து வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே தாடை வலிக்கிறது. தட்டில் வைத்தபோது டொக்கென்று சத்தம் கேட்டது. அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும். "நீங்கதான் முதல்ல சொல்லணும், உங்க நாக்குதான் அளவுகோல்" என்று அவள் ஆசையாகச் சொல்லிவிட்டு எதிரில் நின்றதால் கடித்துவிட்டேன். கட்டுப்பல் இரண்டாகிவிட்டது. பல் மருத்துவர் உடைந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், என்னத்தைக் கடிச்சீங்க?" என்றார். "பன்" என்றேன். "சார், மறைக்காம சொல்லுங்க, கீழ விழுந்தீங்களா? வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று அவர் தாழ்ந்த குரலில் விசாரிக்க, பக்கத்தில் நின்ற உங்கள் தங்கை, "பன்னுதாங்க டாக்டர், நான்தான் கொடுத்தேன். மாவுக்கு ஊத்துற உறை இன்னும் பக்குவமாகல" என்று விளக்கம் சொல்லுகிறாள். அந்த மருத்துவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

இனி வருவதுதான் முக்கியம், கவனமாகப் படிக்கவும். ஜாடிகள் மேல் அவள் தாள் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தாள், ஆய்வகப் பழக்கம். என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? "ஊறப்போட்டது 1", "ஊறப்போட்டது 2." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏம்மா, வாயில் வந்தபடியே எழுதியிருக்கியே, இது என்ன பெயரா? ஊறு என்பது வினை. அதிலிருந்து வருகிற தொழிற்பெயர் ஊறல். அழகான சொல் கையில் இருக்கும்போது எதுக்கு இப்படி நீட்டி முழக்கணும்?" என்று எடுத்துச் சொல்லி, பழைய தாள்களைக் கிழித்துவிட்டு, என் நல்ல பேனாவால், முத்து முத்தாக, "ஊறல் 1", "ஊறல் 2", "ஊறல் 3" என்று எழுதி ஒட்டினேன். அவளுக்கும் பிடித்திருந்தது. அன்றிலிருந்து அவளும் "ஊறலைப் பார்த்துட்டு வரேன்", "ஊறல் இன்னைக்கு நல்லா இருக்கு" என்றே பேசலானாள். இலக்கணப்படி இதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பு கிடையாது மச்சான், எந்தப் புலவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

முந்தாநாள் மத்தியானம், நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், டமார்! கட்டிலோடு தூக்கிப் போட்டது. அடுப்பு காஸ்தான் வெடித்துவிட்டதென்று அலறிக்கொண்டு ஓடினால், குளியலறையில் இருந்த ஜாடி காற்றுப் போக வழியில்லாமல் வெடித்திருக்கிறது. கூரையில் திராட்சை. கண்ணாடியில் திராட்சை. என் சவரத் தூரிகையில் திராட்சை. உங்கள் தங்கை தலையில் அடித்துக்கொள்வாள், அழுவாள், தேற்ற வேண்டியிருக்கும் என்று நான் தயாரானால், அவள் சிதறலின் நடுவில் நின்றுகொண்டு, "என்னா வீரியம் பாத்தீங்களா!" என்று கைதட்டுகிறாள். சிந்தியதெல்லாம் எங்கேயோ விரிசலில் புகுந்து இறங்கி, கீழ்வீட்டுப் பாட்டு டீச்சர் பாடம் நடத்துகிற அறையின் கூரையில் பழுப்பாகப் படர்ந்து, சொட்டவும் ஆரம்பித்திருக்கிறது. அந்த அம்மாள் எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரே வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, "மேல்வீட்டுல இருந்து ஊறல்" என்று சொல்லிவிட்டார். சுவரில் தண்ணீர் கசிந்தாலும் நம்மவர்கள் ஊறல் என்றுதானே சொல்கிறோம்.

வீட்டுக்காரரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர். ஆனால் மது ஒழிப்புச் சங்கத்தின் செயலாளர். இருமல் மருந்து வாங்கினால்கூட அதில் சாராயம் கலந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத்தான் வாங்குவார். நாங்கள் குடிவந்தபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை, இந்த வீட்டுக்குள் ஒரு சொட்டு வரக்கூடாது என்பதுதான். அப்படிப்பட்டவர் நேற்று உங்கள் தங்கைக்குப் போன் செய்தார். அவள் மாவு பிசைந்த கையோடு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். ஆகையால் அத்தனையும் என் காதால் கேட்டேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அம்மா, உங்க வீட்டுல ஊறல் இருக்காமே?"

"இருக்குங்க. உங்களுக்கு யார் சொன்னா?"

"கீழ்வீட்டு டீச்சர் சொன்னாங்க. எவ்வளவு நாளா இருக்கு?"

"மூணு வாரமா போட்டுக்கிட்டிருக்கேன். முதல்ல போட்டது சரியா வரல. இப்ப போட்டது பிரமாதமா பொங்குது."

"போட்டதா? யாரு போட்டது?"

"நான்தான். சார் பேர் மட்டும் எழுதிக் கொடுத்தார்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம், "எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்று குரல் மெலிந்து வந்தது.

"கிச்சன்ல ரெண்டு. பாத்ரூம்ல இருந்தது நேத்து வெடிச்சிடுச்சு. ஒண்ணு சார் கட்டிலுக்கு அடியில. இருட்டுல வச்சாத்தான் நல்லா ஏறும்."

"சாருமா... சாருமா இதுல?"

"அவருக்குத்தான் முதல்ல கொடுப்பேன். ஆனா பல்லு உடைஞ்சதிலிருந்து பயப்படுறார்."

"பல்லு உடைஞ்சிடுச்சா!"

"பழகிட்டா சரியாயிடுங்க. நல்லா வந்தா உங்க சங்கத்துக்கும் அனுப்பலாம்னு இருக்கேன், கூட்டம் போட்டா எல்லாரும் சாப்பிடுவாங்க இல்ல?"

போன் துண்டிக்கப்பட்டது. "ஏதோ சிக்னல் இல்ல போல" என்று சொல்லிவிட்டு உங்கள் தங்கை மறுபடி மாவில் கையை விட்டாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. எனக்குத்தான் ஊறல் என்றால் தொழிற்பெயர் ஆயிற்றே.

இன்று காலை கதவைத் திறந்தால் வீட்டுக்காரர் முகம் வெளிறி நிற்கிறார், பின்னால் ஒரு பெண் போலீஸ். நான் பனியனில் இருந்தேன். "தள்ளுங்க சார்" என்று அந்த அம்மாள் நேரே சமையலறைக்குப் போய், ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, என் முத்து முத்தான எழுத்தை உரக்கப் படித்தார், "ஊறல் ஒண்ணு. ஊறல் ரெண்டு." பிறகு என்னைப் பார்த்து, "சர்வீஸ்ல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். பேர் எழுதி, நம்பர் போட்டு, இப்படி அழகா அடுக்கி வச்ச ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். நான் விடுவேனா, "அம்மா, அது சரியான சொல். ஊறு என்கிற பகுதியோடு..." என்று ஆரம்பித்தேன். "சார், கள்ளச்சாராயம் காய்ச்ச ஊறப்போட்டு வைக்கிற சரக்குக்கும் அதுதான் பேரு. காடு மேடெல்லாம் தேடித் தேடி நாங்க கொட்டி அழிக்கிறது அதைத்தான். பேப்பர் படிக்கிறதில்லையா நீங்க?" என்றார். மச்சான், என் தலையில் இடி இறங்கியது. எத்தனை செய்திகளில் அந்தச் சொல்லுக்கு நானே மெய்ப்புப் பார்த்திருக்கிறேன்! "ஊறல் அழிப்பு: இருவர் கைது." அந்த இருவர் நாங்கள்தான் என்று எண்ணியபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்தார். "வாசனையும் அதேதான்" என்றார். வீட்டுக்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

உங்கள் தங்கை மட்டும் அசரவில்லை. "வாசனை அப்படித்தாங்க வரும், சர்க்கரை நொதிக்குதில்ல, வேற எப்படி வரும்?" என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, துணி மூடியிருந்த சட்டியைத் திறந்து உப்பியிருந்த மாவைக் காட்டினாள். போலீஸ் அம்மாள் விரலால் அமுக்கிப் பார்த்தார். மாவு மெல்ல எழும்பி வந்தது. "அட, பன்னுக்கா! அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று லத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுல நான் செஞ்சா எழும்பவே மாட்டேங்குது. எவ்வளவு நேரம் வைக்கணும்?" பிறகு இருவரும் பேசிய பேச்சு முடிய வெகுநேரம் ஆனது. போகும்போது என்னைப் பார்த்து, "சார், வழக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அந்தப் பேரை மட்டும் மாத்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போலீஸ் போய்விட்டது, வீட்டுக்காரர் போகவில்லை. "குத்தம் இல்லாம இருக்கலாம் சார். ஆனா என் வீட்டுல ஊறல்னு போலீஸ் வந்ததைத் தெருவே பார்த்துடுச்சு. சங்கத்துல நான் எந்த மூஞ்சியோட மேடை ஏறுவேன்? இந்த ஜாடி எல்லாம் இந்த வாரமே வெளிய போகணும். இல்லேன்னா நீங்க போகணும்" என்றார். நான் அந்தக் கணமே ஜாடிகளைக் கொட்டிவிடச் சம்மதித்தேன். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இருக்கிற வீடு மச்சான் இது, எந்தப் படி ஆடும், எந்த ஜன்னல் முனகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்த வயதில் மூட்டை முடிச்சோடு எங்கே போவது? ஆனால் உங்கள் தங்கை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவர் முன்னாலேயே, "ஜாடி போனா நானும் போறேன்" என்று சொல்லிவிட்டாள். ஜாடிக்காக! ஒரு பன்னுக்காக! அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் உடனே தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டதும் தாங்கள் நேரில் புறப்பட்டு வர வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள், அண்ணன் சொன்னால் கேட்பாள். அவளுக்கு எடுத்துச் சொல்லி அந்த ஜாடிகளைக் கொட்ட வையுங்கள். முடியாவிட்டால் அவளையும் ஜாடிகளையும் கொஞ்ச நாளைக்கு உங்களோடு அழைத்துப் போய்விடுங்கள். உங்கள் வீட்டுக் கூரை எங்கள் கூரையைவிட உயரம். இவ்வளவையும் மனம் வெதும்பி எழுதுகிறேனே தவிர அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பயம்தான்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படித்து, பல் உறுதியோடு நெடுநாள் வாழட்டும். தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வரும் நாளை முன்கூட்டி எனக்கு மட்டும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் இரக்கத்துக்கும் உரிய,
தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதை எழுதி முடித்துப் பத்து நாளாகிறது. அன்றே தபாலில் போட்டிருப்பேன், ஒட்டுவதற்குப் பசை கேட்கப் போன இடத்தில் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். சிரிப்பாள், அல்லது சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "முழுக்க பன்னைப் பத்தியே எழுதியிருக்கீங்களே" என்றாள். "வேற எதைப் பத்தி எழுதறது?" என்றேன். "கடை மூடினதிலிருந்து நீங்க என்கிட்ட என்ன பேசினீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். யோசித்தேன் மச்சான். கண்ணாடி எங்கே, மாத்திரை எங்கே, விளக்கை அணை. அதற்குமேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அந்தப் பலகையில உட்கார்ந்தா மட்டும் வாய் ஓயாம பேசுவீங்க. அச்சாபீஸ் கதை, யாரு எதைத் தப்பா எழுதினான், எல்லாம். என் பாதியை நான் எவ்வளவு மெதுவா தின்னிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா? தின்னு முடிச்சா எழுந்துடுவீங்களே. நீங்க சொல்ற மாதிரி எனக்கு இந்தப் பன்னு ஒண்ணும் பெரிசில்லங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பசை கேட்காமலே கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாளே வீட்டுக்காரரிடம் போய், ஜாடிகளும் நாங்களும் சேர்ந்தே காலி செய்கிறோம், வேறு வீடு கிடைக்கும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இருவரும் வீடு பார்க்கக் கிளம்புகிறோம். அடுப்பிலிருந்து இறக்கிய பன்னை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொள்கிறாள், இப்போது நன்றாகவே வருகிறது, மென்று விழுங்க முடிகிறது. ஒரு தெரு மிச்சமில்லை. அவளுக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது மச்சான், கல்லூரியில் ஒரு பையன் அமிலத்தைக் கொட்டி முதல்வரின் நாற்காலியை ஓட்டையாக்கிய கதையை நேற்றுத்தான் முழுசாகக் கேட்டேன், நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.

வீட்டுக்காரர் நான்கு நாள் முன்பே மனம் மாறிவிட்டார். உங்கள் தங்கை பாட்டு டீச்சருக்குக் கொடுத்ததில் ஒரு பன்னை அந்த அம்மாள் கொண்டுபோய்க் கொடுக்க, அதைத் தின்றுவிட்டு, "பழசை விடுங்க சார், இங்கேயே இருங்க, பேரை மட்டும் மாத்திடுங்க" என்று என்னிடம் சொன்னார். அதை நான் இன்னும் உங்கள் தங்கையிடம் சொல்லவில்லை. அவளிடமும் அவர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அவளும் என்னிடம் சொல்லவில்லை.

ஆகவே தாங்கள் வர வேண்டாம். அப்படியே வந்தாலும் சாயங்காலத்தில் வராதீர்கள், வீட்டில் ஆள் இருக்காது. நேற்று ஒரு வீடு பார்த்தோம். வெளிச்சம், காற்று, தண்ணீர் எல்லாம் பொருத்தம், சொந்தக்காரர் சாவியையே கையில் கொடுக்க வந்துவிட்டார். நான் அவசரமாக, "குளியலறைக் கதவு சரியில்லையே" என்றேன். உங்கள் தங்கையும் உடனே, "ஆமாங்க, நானும் பார்த்தேன், சரியில்லதான்" என்றாள். கதவு நன்றாகத்தான் இருந்தது மச்சான்.